கரா, குருமா, துப்பாக்கி: துருக்கியச் சொற்களின் பிறப்பைத் தேடி

துருக்கி மொழியில் கருப்புக்குக் ‘கரா’ என்று பெயர். நம்முடைய ‘கரு’, ‘கரிய’ என்பவற்றுக்குப் பக்கத்தில் அதை வைத்துக் காட்டி, தமிழும் துருக்கியும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று முடிக்கும் காணொளிகள் நிறைய உலவுகின்றன. மொழிமேல் பற்று உள்ளவர்கள்தான் இவற்றைப் பகிர்கிறார்கள். அந்தப் பற்று எனக்கும் உண்டு. ஆனால் சில வருடங்களாகத் துருக்கி படித்துக்கொண்டும், அதன் உறவு மொழிகளின் அகராதிகளைப் புரட்டிக்கொண்டும் இருப்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: ஒலி ஒத்துப்போவது உறவுக்குச் சாட்சி ஆகாது. ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வேறு வழி இருக்கிறது. அந்த வழியைக் கற்றுக்கொள்ளத் துருக்கிய மொழிகளைப் போன்ற நல்ல பள்ளிக்கூடம் எனக்குக் கிடைத்ததில்லை.

துருக்கிய மொழிகள் என்று நான் சொல்வது துருக்கி நாட்டு மொழியை மட்டும் அல்ல. அஜர்பைஜானி, துர்க்மென், உஸ்பெக், கஜாக், கிர்கிஸ், உய்குர், தாத்தார், வோல்கா ஆற்றங்கரையின் சுவாஷ், சைபீரியாவின் வடகிழக்கில் பேசப்படும் சாகா என்று பெரிய குடும்பம் அது.

தமிழர்களுக்கு இந்தக் குடும்பத்தின்மேல் சட்டென்று பாசம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. ‘பென் துன் எவெ கெல்திம்’ என்ற துருக்கி வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பென் என்றால் நான். துன், நேற்று. எவ் என்றால் வீடு. அதோடு ஒட்டிய ‘எ’ நம்முடைய ‘கு’ வேற்றுமை. கெல் என்பது வா. ‘தி’ இறந்தகாலம், ‘ம்’ தன்மை விகுதி. நான் நேற்று வீட்டுக்கு வந்தேன். ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. முதல் பாடத்திலேயே இப்படி ஒரு வாக்கியம் வந்தால் யாருக்கும் உடம்பு சிலிர்க்கும். ஆனால் ஜப்பானிய மொழியும் கொரிய மொழியும்கூட ஏறக்குறைய இப்படித்தான் அடுக்கும். விகுதிகளை ஒட்டிக்கொண்டே போவதும், வினையைக் கடைசியில் வைப்பதும் மொழிகளின் உடல்வாகு. உடல்வாகு ஒத்தவர்கள் எல்லாம் உறவினர் ஆகிவிட மாட்டார்கள்.

அப்படியானால் உறவு எப்படித் தெரியும்? நான் அதை நேரில் பார்த்தது ஓர் இணையவழிக் கூட்டத்தில். எங்கள் குழுவில் இஸ்தான்புல்லில் இருந்து ஒருவர், கஜகஸ்தானின் அல்மாட்டியில் இருந்து ஒருவர். மற்றவர்கள் வந்து சேரும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று இருவரையும் ஒன்று முதல் பத்து வரை சேர்ந்து எண்ணச் சொன்னேன். ‘பிர்’ என்று ஒரே குரலில் தொடங்கினார்கள். இரண்டில் லேசாகப் பிசகியது: ஒருவர் ‘இகி’, மற்றவர் ‘எகி’. மூன்றில் இவர் ‘உச்’ என்க, அவர் ‘உஷ்’ என்றார். ஐந்தில் இவர் ‘பெஷ்’, அவர் ‘பெஸ்’. ஏழில் இவர் ‘யெதி’, அவர் ‘ஜெதி’. அங்கே இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எட்டும் ஒன்பதும் பெரிய சண்டை இல்லாமல் கடந்து, ‘ஒன்’ என்று பத்தில் மறுபடி சேர்ந்துகொண்டார்கள். (பத்துக்கு ‘ஒன்’. நம் ‘ஒன்று’ பக்கத்தில் அதை வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.)

இந்த வேறுபாடுகள் தற்செயலாக வந்தவை அல்ல. துருக்கியின் ‘ச்’ கஜாக்கில் ‘ஷ்’ ஆகும், துருக்கியின் ‘ஷ்’ கஜாக்கில் ‘ஸ்’ ஆகும். பசித்தவனுக்குத் துருக்கியில் ‘அச்’, கஜாக்கில் ‘அஷ்’. கல்லுக்கு அங்கே ‘தஷ்’, இங்கே ‘தஸ்’. குளிர்காலம் அங்கே ‘கிஷ்’, இங்கே ‘கிஸ்’. சொல்முதல் ‘ய’ கஜாக்கில் ‘ஜ’ ஆகும்: வழி ‘யோல்’ – ‘ஜோல்’, நிலம் ‘யெர்’ – ‘ஜெர்’, இதயம் ‘யுரெக்’ – ‘ஜுரெக்’. கஜகஸ்தானின் தென்கிழக்குப் பகுதிக்கு ஜெதிசு என்று பெயர். ஏழு ஆறுகள் என்று பொருள். இஸ்தான்புல்காரர் கேட்டால் தன் ‘யெதி’யையும் தண்ணீரைக் குறிக்கும் ‘சு’வையும் உடனே கண்டுகொள்வார். நமக்கு இது புதிதல்ல. பால்–ஹாலு, பத்து–ஹத்து, பல்–ஹல்லு, பெயர்–ஹெசரு என்று கன்னடத்தோடு நமக்கு இருப்பதும் இதே கணக்குதான்.

சாகா மொழிக்குப் போனால் இன்னும் அழகு. சைபீரியக் குளிரில் இருக்கும் அந்த மொழியில் ‘ய’ எல்லாம் ‘ச’ ஆகிவிட்டது. ஏழு ‘செத்தெ’, வழி ‘சுவோல்’, நிலம் ‘சிர்’. அப்படியென்றால் பழைய ‘ச’ என்ன ஆனது? காணாமல் போய்விட்டது. துருக்கியில் எட்டு ‘செகிஸ்’, சாகாவில் ‘அகிஸ்’. பால் ‘சுத்’, சாகாவில் ‘உத்’. நீ ‘சென்’, சாகாவில் ‘என்’. தண்ணீர் ‘சு’, சாகாவில் வெறும் ‘ஊ’. சிறகு இறகானதையும் சிப்பி இப்பியானதையும் பார்த்த நமக்கு இது அதிசயமாகத் தெரியாது. ஒரு மொழி முழுவதும் இதே ஒழுங்கு ஓடுவதுதான் வியப்பு.

சுவாஷ் இன்னும் தூரத்துச் சொந்தம். மற்ற மொழிகளில் ‘இஸட்’ ஒலி (தமிழில் அதையும் ‘ஸ்’ என்றுதான் எழுத முடிகிறது) வரும் இடத்தில் அதில் ‘ர்’ வரும், ‘ஷ்’ வரும் இடத்தில் ‘ல்’ வரும். துருக்கியின் ‘தொகுஸ்’ (ஒன்பது) அங்கே ‘தஹ்ஹர்’. ‘செகிஸ்’ அங்கே ‘சக்கர்’. பெண்ணுக்குக் ‘கிஸ்’, அங்கே ‘ஹேர்’. கல்லுக்கு ‘தஷ்’, அங்கே ‘சுல்’. ‘தஷ்’ஷையும் ‘சுல்’லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாராவது இரண்டும் ஒரே சொல் என்பார்களா? ஆனால் ஒரே சொல்தான். காதுக்கு ஒத்துப்போகும் ‘கரா–கரு’ உறவு இல்லை, கொஞ்சமும் ஒத்துப்போகாத ‘தஷ்–சுல்’ உறவு. இந்த ஓர் இடம் புரிந்துவிட்டால் அந்தக் காணொளிகளைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

ஹங்கேரிய மொழி துருக்கியக் குடும்பம் அல்ல. ஆனால் அதில் எருது ‘ஓகோர்’, இரட்டைப்பிள்ளை ‘இகெர்’, கடல் ‘தெங்கெர்’. துருக்கியில் இவை ‘ஓகுஸ்’, ‘இகிஸ்’, ‘தெனிஸ்’. ஹங்கேரியச் சொற்கள் எல்லாம் ‘ர்’ என்று முடிவதைக் கவனியுங்கள். ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஹங்கேரியர்கள் இன்றைய நாட்டுக்கு வருவதற்கு முன்பு, சுவாஷ் மொழியின் முன்னோர் போன்ற ஒரு துருக்கியக் கூட்டத்தோடு பழகி இந்தச் சொற்களை வாங்கியிருக்கிறார்கள் என்று அறிஞர்கள் சொல்வது இந்த ஒற்றை ‘ர்’ரை வைத்துத்தான். எழுதிவைத்த வரலாறு கைவிடும் இடத்தில் ஓர் எழுத்து சாட்சி சொல்கிறது.

‘கரா’வுக்கு வருவோம். சாகாவில் அது ‘ஹரா’, சுவாஷில் ‘ஹுரா’. குடும்பத்துக்குள் ஒழுங்காக மாறியிருக்கிறது. தமிழோடு உறவு இருந்தால் இதே ஒழுங்கு மற்ற அடிப்படைச் சொற்களிலும் தெரிய வேண்டும். கண்ணுக்குத் துருக்கியில் ‘கோஸ்’, கல்லுக்குத் ‘தஷ்’, நீருக்குச் ‘சு’, கைக்கு ‘எல்’, வழிக்கு ‘யோல்’. எங்கே வரிசை? ஒரு சொல் மட்டும் தனியாக நின்றால் அது தற்செயல். கோடிக்கணக்கான சொற்கள் புழங்கும் உலகத்தில் தற்செயல் நடக்காமல் இருந்தால்தான் வியப்பு.

இந்த ஒலிமாற்றங்களை எல்லாம் ஐரோப்பியர்கள் வந்துதான் கண்டுபிடித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். மஹ்மூத் அல்-காஷ்கரி என்பவர் 1070களில் பாக்தாத்தில் உட்கார்ந்து துருக்கிய மொழிகளுக்கு ஓர் அகராதி எழுதினார். அரபியில் எழுதி, அப்பாசிய கலீஃபாவுக்கு அர்ப்பணித்தார். அப்போது பாக்தாத்தில் அதிகாரம் செல்ஜுக் துருக்கியர் கையில்; அவர்கள் மொழியை அரபியர் கற்றாக வேண்டும் என்பது அவர் வாதம். மத்திய ஆசியப் புல்வெளிகளில் அலைந்து, ஒவ்வொரு கூட்டத்தின் பேச்சையும் பழமொழியையும் பாட்டையும் கேட்டுத் தொகுத்த மனிதர். காலுக்கான சொல்லை அவர் கையாளும் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். சிகில் கூட்டத்தார் ‘அதக்’ என்பார்கள், ஒகுஸ் முதலானோர் ‘அயக்’ என்பார்கள், கிப்சாக்குகளில் சிலரும் பல்காரும் ‘அஸக்’ என்பார்கள் என்று பிரித்துச் சொல்கிறார். ஒரே இடத்தில் த, ய, ஸ. இன்றைக்கும் துருக்கியில் கால் ‘அயக்’, சைபீரியாவின் ககாஸ் மொழியில் ‘அஸஹ்’, சாகாவில் ‘அதஹ்’, சுவாஷில் ‘உரா’. இன்றைய மொழியியலாளர்கள் துருக்கிய மொழிகளைக் கிளை பிரிக்கும்போது இந்தச் சொல்லைத்தான் முதலில் நீட்டுகிறார்கள். 950 வருடங்களுக்கு முன் ஒருவர் தன் காதை மட்டும் நம்பிப் பிடித்த வேறுபாடு அது.

அந்த நூலுக்கு உலகத்தில் ஒரே ஒரு கைப்பிரதிதான் மிஞ்சியிருக்கிறது. 1266இல் டமாஸ்கஸில் படியெடுத்தது. பல நூற்றாண்டுகள் பெரும்பாலோர் கண்ணில் படாமல் கிடந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இஸ்தான்புல் பழைய புத்தகச் சந்தைக்கு வந்தது. அலி எமிரி என்ற நூல்பித்தர் அதன் அருமை தெரிந்து வாங்கினார். அவர் வாங்காமல் விட்டிருந்தால் பதினோராம் நூற்றாண்டின் துருக்கியப் பேச்சில் பெரும்பகுதி நமக்குத் தெரிந்திருக்காது. ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராகப் போனவர்களின் வரலாறு தெரிந்த நமக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்லத் தேவையில்லை.

காஷ்கரிக்கும் முன்னால் போக வேண்டுமானால் கல்லைப் படிக்க வேண்டும். மங்கோலியாவில் ஓர்கோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், கூல் தெகின் என்ற இளவரசனுக்காக 732இல் நட்ட கல்லும், அவன் அண்ணன் பில்கெ ககானுக்காக (ககான் என்றால் பேரரசன்) 735இல் நட்ட கல்லும் இருக்கின்றன. அந்த எழுத்து யாருக்கும் படிக்கத் தெரியாமல் இருந்தது. கல்லின் ஒரு பக்கத்தில் இருந்த சீனப் பகுதியில் வரும் பெயர்களைத் துணையாகக் கொண்டு, 1893இல் டென்மார்க்கின் வில்ஹெல்ம் தோம்சென் அதை உடைத்தார். அவர் முதலில் படித்த சொற்களில் ஒன்று ‘தெங்ரி’: வானம், கடவுள் இரண்டும் அதுவே. கூல் தெகின் கல்லில் ஒரு வரி இப்படிப் போகும்: மேலே நீல வானமும் கீழே பழுப்பு நிலமும் உண்டானபோது, இரண்டுக்கும் நடுவே மனிதப் பிள்ளை உண்டானான். நீலத்துக்கு அங்கே ‘கோக்’, இன்றைய துருக்கியில் ‘கோக்’ வானம். நிலத்துக்கு ‘யெர்’, இன்றும் ‘யெர்’. மனிதனுக்குக் ‘கிஷி’, இன்றும் ‘கிஷி’. பிள்ளைக்கு ‘ஒகுல்’, இன்றும் ‘ஒகுல்’ என்றுதான் எழுதுகிறார்கள். 1,300 வருடம் ஆகியும் பெரிதாகத் தேயவில்லை.

இனி நம் ஊருக்கு வரலாம், ஏனென்றால் உண்மையான உறவு ஒன்று இங்கே இருக்கிறது. அது ரத்த உறவு இல்லை, கொடுக்கல் வாங்கல்.

துருக்கிய வினைகளோடு ‘மா’ சேர்ந்தால் பெயர்ச்சொல் ஆகும். ‘தோல்’ என்றால் நிறைதல். ‘தோல்மா’, உள்ளே அடைத்துச் செய்த பண்டம். ‘தோன்’ என்றால் உறைதல்; ‘தோன்துர்மா’, உறையவைத்தது, அதாவது ஐஸ்கிரீம். ‘கவுர்’ என்றால் வறுத்தல், ‘கவுர்மா’. இது பாரசீகம் வழியாகவும் முகலாயர் அடுப்பங்கரை வழியாகவும் வந்து உருதுவில் ‘கோர்மா’ ஆகி, தமிழில் ‘குருமா’ ஆனது. புரோட்டாவுக்குத் தொட்டுக்கொள்கிற அதே குருமா. ‘கிய்’ என்றால் பொடியாக நறுக்குதல்; ‘கிய்மா’. இதுதான் உருதுவின் ‘கீமா’, நம் ‘கைமா’. நாம் வறுப்பதிலிருந்து வறுவல், பொரிப்பதிலிருந்து பொரியல், அவிப்பதிலிருந்து அவியல் என்று பெயர் வைக்கிறோமே, அச்சு அசலாக அதே முறை. சொற்பிறப்பின்படி பார்த்தால் குருமா என்பது வறுவல்தான். தேங்காயும் கசகசாவும் அரைத்துவிட்ட நம் குருமாவில் வறுவல் எங்கே என்று கேட்காதீர்கள். துருக்கியில் கவுர்மா இன்றும் கறியை அதன் கொழுப்பிலேயே வதக்கிக் குளிர்காலத்துக்கு எடுத்துவைக்கும் பண்டம். பெயர் பயணப்பட்டது, சமையல் வழியெல்லாம் மாறிக்கொண்டே வந்தது.

இதில் ஒரு நுணுக்கம். துருக்கியில் எதிர்மறைக் கட்டளைக்கும் ‘மா’ விகுதிதான். ‘கவுர்மா’ என்பதில் கடைசி அசையை அழுத்தினால் வறுத்த கறி. நடு அசையை அழுத்தினால் ‘வறுக்காதே’. எழுத்தில் வித்தியாசமே கிடையாது.

துப்பாக்கியின் கதை இதைவிட நீளம். காஷ்கரியின் அகராதியில் ‘துவெக்’ என்று ஒரு சொல் வருகிறது. வில்லோ போன்ற மரத்தின் பச்சைக் கிளையிலிருந்து பட்டையைக் குழாயாக உருவி எடுத்து, உள்ளே மண்ணுருண்டை போட்டு ஊதிச் சிட்டுக்குருவி அடிக்கும் கருவி. பையன்களின் விளையாட்டுச் சாமான். வெடிமருந்து வந்த பிறகு அந்தக் குழாயின் பெயர் இரும்புக் குழாய்க்குப் போனது: துருக்கியில் ‘துஃபெக்’, பாரசீகத்தில் ‘துஃபங்க்’, தெலுங்கில் ‘துபாகி’, தமிழில் துப்பாக்கி. நம்மில் பலர் ‘துப்பு’ என்ற வினையிலிருந்து, குண்டைத் துப்புவதால் துப்பாக்கி என்று விளக்குவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். துருக்கியச் சொல்லும் ‘தூ’ என்று ஊதும் ஒலியிலிருந்து பிறந்ததாகத்தான் கருதுகிறார்கள். இரண்டு மொழியிலும் வாய் ஒரே மாதிரி குவிவதால் வந்த ஒற்றுமை அது. சொல் நமக்கு வந்த பாதையோ வடக்கிலிருந்து படிப்படியாக இறங்கி வந்திருக்கிறது.

உருது என்ற பெயரும் அவர்களுடையதுதான். ‘ஒர்து’ என்றால் அரச பாளையம். பாளையத்து மொழி உருது ஆயிற்று. ‘துர்க்’ என்ற இனப்பெயர் வடமொழியில் ‘துருஷ்க’ ஆகி, தமிழில் துருக்கர், துலுக்கர் என்று ஆனது. இங்கே வந்தபோது அது ஓர் இனத்தைக் குறிப்பதை விட்டு மதத்தைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. ‘பகதூர்’ என்பதும் புல்வெளியிலிருந்து வந்த சொல்தான், துருக்கியமா மங்கோலியமா என்பதில் மட்டும் சண்டை. லால் பகதூர் சாஸ்திரி 1966இல் தாஷ்கண்டில் இறந்தார்; பெயரின் நடுவே அந்த நிலத்தின் சொல்லைத் தாங்கியவர். தாஷ்கண்ட் என்றால் கல்லூர் என்று பதினோராம் நூற்றாண்டிலேயே அறிஞர் அல்-பிரூனி எழுதிவைத்திருக்கிறார். ஆனால் அந்த ஊரின் பழைய பெயர் ‘சாச்’. துருக்கியர்கள் அதைத் தங்கள் ‘தஷ்’ என்று கேட்டுப் பொருள் சொல்லிக்கொண்டார்கள் என்ற கருத்துக்கு வலு இருக்கிறது. ஒலியைக் கேட்டுப் பொருள் கட்டும் ஆசை எல்லா ஊரிலும் உண்டு.

அடுத்ததைச் சற்றுக் கவனமாகச் சொல்ல வேண்டும். தமிழ் முஸ்லிம்களில் பலர், குறிப்பாக ராவுத்தர் குடும்பங்களில், தந்தையை ‘அத்தா’ என்று அழைக்கிறார்கள். இது துருக்கியின் ‘ஆதா’ என்ற சொல்லிலிருந்து வந்தது, அதுவே தங்கள் துருக்கிய வம்சத்துக்குச் சான்று என்று பலரும் எழுதுகிறார்கள். வம்சம் பற்றி நான் பேச வரவில்லை. சொல்லைப் பற்றி மட்டும் பேசலாம். சுந்தரர் திருவெண்ணெய்நல்லூரில் பாடிய முதல் பதிகத்திலேயே சிவனை ‘அத்தா’ என்றுதான் விளிக்கிறார். அத்தன் தமிழின் பழைய சொல். இன்னொரு பக்கம், ஓர்கோன் கற்களில் தந்தைக்கு ‘ஆதா’ கிடையாது; அங்கே இருப்பது ‘கங்’. ‘ஆதா’ பிற்பாடுதான் பெருவழக்குக்கு வருகிறது. அம்மா, அப்பா, அத்தா, அக்கா போன்ற ஒலிகளைக் குழந்தைகள் உலகம் முழுவதும் எழுப்புகிறார்கள். பெரியவர்கள் ஆளுக்கொரு பொருள் கொடுத்துவிடுகிறார்கள். உஸ்பெக் மொழியில் ‘அகா’ என்றால் அண்ணன். ஆகவே ராவுத்தர் வீட்டுப் பிள்ளை ‘அத்தா’ என்று கூப்பிடும்போது அது தூரத்துப் புல்வெளியிலிருந்து இரவல் வாங்கிய சொல் இல்லை. தேவாரத்தில் இருக்கும் தமிழ்ச் சொல்லை நம்மில் பலர் கைவிட்டபோது அந்த வீடுகள் காப்பாற்றி வைத்திருக்கின்றன. எனக்கு இது இன்னும் பெருமையான செய்தியாகப் படுகிறது.

ஒலி ஒற்றுமைமேல் உள்ள ஆசை ஒரு நாட்டின் கொள்கையாகவே ஆன கதையும் துருக்கியில் உண்டு. 1928இல் எழுத்தை அரபியிலிருந்து லத்தீனுக்கு மாற்றிய அதாதுர்க் (துருக்கிக் குடியரசின் முதல் தலைவர்), 1932இல் துருக்கி மொழிக் கழகத்தைத் தொடங்கி, அரபி, பாரசீகச் சொற்களைக் களையும் வேலையில் இறங்கினார். தனித்தமிழ் இயக்கத்தின் அதே காலகட்டம். களையக் களையப் பேச்சே தடுமாறியது. அப்போது வந்து கைகொடுத்தது ‘சூரிய மொழிக் கோட்பாடு’. ஆதிமனிதன் சூரியனைப் பார்த்து வியந்து எழுப்பிய ஒலியிலிருந்துதான் மொழி பிறந்தது, அந்த முதல் மொழிதான் துருக்கியின் ஆதிவடிவம் என்றார்கள். எல்லாச் சொல்லும் துருக்கி என்றால் எதையும் களைய வேண்டாம் அல்லவா! 1936 மொழி மாநாட்டில் அதுதான் மையப் பொருள். 1938இல் அதாதுர்க் இறந்ததும் சத்தமில்லாமல் கைவிட்டார்கள். அறிவுள்ள பலர் தெரிந்தே தலையாட்டிய அந்த இரண்டு மூன்று வருடங்களைப் படிக்கும்போது மனம் கனக்கிறது.

அந்தக் காலத்தில் செய்த சொற்கள் பல நிலைத்துவிட்டன. பள்ளிக்கு இருந்த அரபிச் சொல் ‘மெக்தெப்’ போய் ‘ஒகுல்’ வந்தது (பிள்ளையைக் குறிக்கும் ‘ஒகுல்’ வேறு சொல்; தமிழ் எழுத்தில்தான் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன). படிப்பதைக் குறிக்கும் ‘ஒகு’ என்ற வினை அதற்குள் இருக்கிறது, பள்ளியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் ‘எகோல்’ ஒலியும் கூடவே கேட்கிறது. அந்த ‘ல்’ துருக்கி இலக்கணப்படி அங்கே வர நியாயமில்லை என்று இன்றும் விவாதிக்கிறார்கள். இழப்பும் உண்டு. அதாதுர்க் 1927இல் ஆறு நாள் நிகழ்த்திய நீண்ட உரையை, 1960களிலேயே புதிய துருக்கிக்குப் பெயர்த்துப் பதிப்பிக்க வேண்டியிருந்தது. பேரன் தாத்தாவின் பேச்சைப் படிக்க அகராதி தேவைப்பட்டது.

ஆனால் புதுச்சொல் செய்வதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். 1960களின் இறுதியில் அய்தின் கோக்சால் என்ற பொறியாளர் கணினிக்கு ‘பில்கிசயார்’ என்று பெயர் வைத்தார். ‘பில்கி’ என்றால் அறிவு, தகவல். ‘சய்’ என்றால் எண்ணுதல், ‘சயார்’ எண்ணுவது. அதற்கு முன்பு புழங்கிய பிரெஞ்சு, ஆங்கிலப் பெயர்களை அது ஓரங்கட்டிவிட்டது. இன்று கடைக்காரர் முதல் பள்ளிப் பிள்ளை வரை அதைத்தான் சொல்கிறார்கள். அதில் இருக்கும் ‘பில்’ என்ற வேர் அறிதலைக் குறிப்பது. 735இல் ஓர்கோன் கரையில் கல் நட்டார்களே, அந்தப் பில்கெ ககானின் பெயரில் இருப்பதும் அதே வேர்தான்: பில்கெ என்றால் அறிவுடையோன்.